உகாண்டாவில் குழந்தைகள் இல்லத்தில் இரண்டு ஆண்டு ஊழியம்: போகலாமா, போனால் என்ன செய்யலாம்?

கேள்வி: பாளைத்தம்பதி

அனைவருக்கும் அன்பின் வணக்கம். நானும் என் மனைவியும் பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன், வயது 61. என் மனைவி ஒரு மிஷன் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் 30 ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். பிள்ளைகள் இருவருக்கும் மணமாகிவிட்டது. கடன் இல்லை, உடம்பும் தற்போதைக்குச் சொன்னபடி கேட்கிறது.

எங்கள் சேகரத்துக்கு (எங்கள் சபை வட்டாரத்துக்கு) வந்திருந்த ஒரு நண்பர் வழியாக, உகாண்டாவின் முக்கோனோ மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் நடத்தும் குழந்தைகள் இல்லத்தைப் பற்றி அறிந்தோம். ஏறத்தாழ 60 பிள்ளைகள் இருக்கிறார்களாம். விமானச் செலவு எங்களுடையது, தங்கும் அறையும் உணவும் அவர்களுடையது என்றும், இரண்டு ஆண்டுகள் வந்து இருந்தால் நலம் என்றும் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தில் ஒரு வரி எங்களை மிகவும் தொட்டது: தாய் தகப்பன் அன்புக்கு ஏங்கும் இந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் தாயும் தகப்பனுமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். என் மனைவி அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், போவோம் என்றார்.

நாங்கள் நெல்லைச் சீமையின் டோனாவூரைப் பார்த்து வளர்ந்தவர்கள். வட அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் அங்கே பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த வரலாற்றை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். அப்படி யாரோ கடல் கடந்து நம்மிடம் வந்தார்கள், நாமும் ஒருமுறை கடல் கடந்து போகலாமே என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு. உறவினர்களோ, இங்கேயே அநாதைப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும், இந்தியர்களை எப்படிப் பார்ப்பார்கள், என் மனைவி அங்கே செவிலியராக வேலை செய்ய முடியுமா, எங்கள் வயதில் இது தகுமா என்பவற்றைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் ஒளிக்காமல் எழுதினால் நன்றியுள்ளவர்களாக இருப்போம். போகாதீர்கள் என்று சொன்னாலும் வருத்தப்பட மாட்டோம், காரணம் மட்டும் சொல்லுங்கள்.


பதில் 1: செம்மண் சாலை

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நானும் என் கணவரும் 2014 முதல் 2017 வரை இதே முக்கோனோ மாவட்டத்தில், வேறொரு இல்லத்தில் இருந்தோம். நான் எழுதத் தொடங்கினால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். தலைநகர் கம்பாலாவிலிருந்து ஜின்ஜா நகருக்குப் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் முக்கோனோ நகரம் வருகிறது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் பாளையங்கோட்டை வெயிலை நினைத்துப் பயப்பட வேண்டாம். இரவில் போர்வை வேண்டியிருக்கும். மார்ச்சிலிருந்து மே வரையிலும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையிலும் மழை உண்டு. அந்த மாதங்களில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதுமே செம்மண் சேறுதான், நீங்கள் கொண்டுபோகும் வெள்ளை வேட்டி ஒரே வாரத்தில் காவி வேட்டியாகிவிடும்.

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டும். ஆகவே அங்குள்ள லுகாண்டா மொழி பேசுகிறவர்கள் விடியலிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. போன புதிதில் பெற்றோர் கூட்டம் ‘ஸாவா ஞா’, அதாவது நான்கு மணிக்கு என்று சமையற்காரம்மா சொன்னதை நம்பி, நாங்கள் மாலை நான்கு மணிக்குத் தலைசீவிப் போய் நின்றோம். கூட்டம் காலை பத்து மணிக்கே நடந்து முடிந்திருந்தது. சிலுவைப்பாடு நாளில் ஒன்பதாம் மணி வேளை (நம் பிற்பகல் மூன்று மணி) என்று ஆண்டுதோறும் வாசிக்கக் கேட்ட எங்களுக்கு அந்தக் கணக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். விடிவதற்கு முன்பே பெரிய பிள்ளைகள் மஞ்சள் நிற ஜெர்ரிகேன்களில் தண்ணீர் எடுத்து வருவார்கள். காலையில் மக்காச்சோள மாவுக் கஞ்சி. மதியமும் இரவும் பெரும்பாலும் போஷோ, அதாவது அதே மாவில் கிண்டிய கெட்டியான வெள்ளைக் களி, அதனுடன் சிவப்புப் பீன்ஸ் குழம்பு. ஞாயிற்றுக்கிழமையோ பண்டிகையோ வந்தால் மட்டோக்கே கிடைக்கும். பச்சை வாழைக்காயை உரித்து, வாழையிலையில் பொதிந்து, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து, இலையோடு அமுக்கி மசித்து, நிலக்கடலைக் குழம்புடன் தருவார்கள். மிளகாய் என்ற பேச்சே இருக்காது. நான் ஊறுகாய் பாட்டில்களை எண்ணி எண்ணித் திறந்தேன். பிறகுதான் கம்பாலாவின் இந்தியக் கடைகளில் பருப்பும் மசாலாவும் கிடைப்பது தெரிந்தது.

இந்தியர்களை எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. தெருவில் பிள்ளைகள் நம்மைப் பார்த்து ‘முயிண்டி’ என்று கூப்பிடுவார்கள், இந்தியர் என்று பொருள், வெள்ளையரானால் ‘முஸுங்கு’. முயிண்டி என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1972-ல் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு வைத்து நாட்டைவிட்டு விரட்டினார். பின்னாளில் பலர் திரும்பி வந்தார்கள். இன்றும் கடைகளும் சர்க்கரை ஆலைகளும் பலவும் இந்திய வம்சாவளியினர் கையில் இருப்பதால், இந்தியர் என்றால் முதலாளி என்பதே அங்கே பொதுவான நினைப்பு. ஒரு முயிண்டி கிராமத்துத் தேவாலயத்தில் அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதல் மாதம் எல்லாரும் எங்களையே திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த முட்டை, வாழைத்தார், கோழி எல்லாவற்றையும் வாசலில் ஏலம் விடுவார்கள். நம் அசனப் பண்டிகை (சபை விருந்துப் பண்டிகை) ஏலத்தில் பழகிய என் கணவர் ஒரு வாழைத்தாரை விடாப்பிடியாகக் கேட்டு ஏற்றி வாங்கி, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். அன்றைக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உங்களைக் கூச வைக்கும். புகாண்டா என்னும் அந்த வட்டாரத்தின் வழக்கப்படி பெண் பிள்ளைகளும் பெண்களும் பெரியவர்களை முழங்காலிட்டு வணங்கி நலம் விசாரிப்பார்கள். கர்த்தருக்கு முன்பு மட்டுமே முழங்காலிட வேண்டும் என்று வளர்ந்த நான், முதல் நாள் பதறிப்போய் ஒரு பெண்ணைக் கைப்பிடித்துத் தூக்கிவிட்டேன். அவள் முகம் சுண்டிவிட்டது, அவளுடைய வணக்கத்தை நான் மறுத்ததாகவே எடுத்துக்கொண்டாள். நின்று, அவர்கள் கேட்கும் ஒவ்வொரு நலத்துக்கும் நிதானமாகப் பதில் சொல்லி, திருப்பிக் கேட்பதுதான் மரியாதை. பத்துப் பேர் வந்தால் அதற்கே கால்மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

இனி நான் எழுத வந்த விஷயம். தாயும் தகப்பனுமாக இருக்கலாம் என்ற அந்த வரி உங்களைத் தொட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கும் அப்படி ஒரு கடிதம்தான் வந்தது. போன முதல் ஆண்டு, இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று என்னோடு ஒட்டிக்கொண்டது. எனக்குப் பிள்ளை இல்லை; என் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மடியில் தூங்க வைப்பது எல்லாம் நான்தான். என் தகப்பனார் காலமானபோது ஊருக்கு வந்து இரண்டு மாதம் தங்கும்படி ஆயிற்று. திரும்பிப் போனபோது அவள் ஓடி வருவாள் என்று வாசலிலேயே குனிந்து நின்றேன். அவள் வந்தாள், என் கைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டாள். அவளைப் பார்த்துக்கொண்ட இல்லத்தாய், நான் போன முதல் வாரங்களில் அவள் சாப்பிட மறுத்ததையும் படுக்கையை நனைத்ததையும் வெகு பணிவாக, என் மனம் நோகாமல் சொன்னார். அந்தம்மா அங்கே 11 ஆண்டுகளாக வேலை செய்கிறவர். அவரிடம் போக வேண்டிய குழந்தையை நடுவில் புகுந்து நான் வாங்கி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதும் மெதுவாகத்தான் தெரிந்தது. 1980-களிலும் 90-களிலும் எய்ட்ஸ் நோய் உகாண்டாவில் ஒரு தலைமுறைப் பெற்றோரையே வாரிக்கொண்டு போனது. வடக்கே ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படை 20 ஆண்டு நடத்திய போரில் பிள்ளைகளைக் கடத்திப் போனார்கள். அந்தக் காலத்தில் எழுந்தவைதான் பல இல்லங்கள். 2004-க்குப் பிறகு எச்.ஐ.வி. மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் தாய்மார்கள் உயிரோடு இருந்தார்கள். ஆனால் இல்லங்கள் குறையவில்லை. எங்கள் இல்லத்துக் கோப்புகளை என் கணவர் ஒழுங்குபடுத்தியபோது, பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ பாட்டியோ உயிரோடு இருப்பதைப் பார்த்தோம். பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லை என்பதே அவர்கள் அங்கே இருந்ததற்குக் காரணம். 1997 முதல் தொடக்கக் கல்வி இலவசம் என்பது அரசின் கொள்கை. ஆனால் பள்ளி கேட்கும் பட்டியல் ஒன்று உண்டு: சீருடை, நோட்டுகள், துடைப்பம், கழிவறைக் காகிதச் சுருள், மதியக் கஞ்சிக்குப் பணம். அந்தத் துடைப்பத்துக்காகவும் கஞ்சிக்காகவும் ஒரு பிள்ளை அநாதை என்று எழுதப்பட்டிருந்தது.

மூன்றாம் ஆண்டில் எங்கள் இல்லம் பிள்ளைகளை வீடு சேர்க்கும் வேலையில் இறங்கியது. ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் பாட்டி, லுகாண்டாவில் ‘ஜாஜ்ஜா’, மபிரா காட்டுக்கு அப்பால் இருப்பதை எங்கள் சமூகப்பணியாளர் கண்டுபிடித்தார். மாவட்ட நன்னடத்தை அலுவலரிடம் சொல்லி, ஊர்த் தலைவரிடம் கடிதம் வாங்கி, நான்கு முறை போய் வந்தோம். நாங்கள் செய்ததெல்லாம் வண்டி ஓட்டியதும், வெளியே மரத்தடியில் காத்திருந்ததும்தான். பேச வேண்டியவர் சமூகப்பணியாளர், முயிண்டிகள் கூடப் போனால் பணம் வந்திருக்கிறது என்று ஊரே கூடிவிடும். கடைசி நாளில் ஒரு மெத்தை, ஒரு தகரப் பெட்டி, இரண்டு பன்றிக்குட்டிகள், மூன்று ஆண்டுப் பள்ளிச் செலவுக்கு உறுதி. போடா-போடா என்னும் வாடகை மோட்டார்சைக்கிளில் அந்த மெத்தையைச் சுருட்டிக் கட்டி, அதன்மேல் பையன் உட்கார்ந்து போனான். ஜாஜ்ஜா அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. கையிலிருந்த கோலை நீட்டி, பன்றிக்குட்டிகளை அந்தப் பக்கம் ஓட்டு என்றார். அவன் ஓட்டினான்.

திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை ‘விசாரிக்கிறது’ என்று வேதத்தில் யாக்கோபு எழுதியதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். விசாரிப்பது என்றால் நம் ஊரில் என்ன பொருள்? அவர்கள் வீட்டுக்குப் போய் நலம் கேட்பது. பிள்ளையையும் விதவையையும் அந்த வசனம் சேர்த்தே சொல்கிறது; ஒருவரிடமிருந்து மற்றவரைப் பிரித்து ஒரு கட்டடத்தில் வைக்கச் சொல்லவில்லை.

டோனாவூரை நினைத்துக்கொண்டு போவதாக எழுதினீர்கள், ஐயா. அந்த அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் இறக்கும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. நீங்கள் இரண்டு ஆண்டில் திரும்புவீர்கள். ஆகவே அவருடைய இடம் உங்களுடையதாக இருக்க முடியாது. போகாதீர்கள் என்று சொல்லவில்லை. இல்லத்தாய்க்கும் கணக்கருக்கும் சமூகப்பணியாளருக்கும் பின்னால் நிற்கிற இடம் ஒன்று உண்டு, அந்த இடத்துக்குப் போகலாம்.


பதில் 2: வடலி

நான் யாழ்ப்பாணத்தான். இப்போது பல ஆண்டுகளாக நைரோபியில் கணக்காய்வாளராக இருக்கிறேன், தொண்டு நிறுவனங்களின் கணக்குகளும் என் கையால் போகின்றன. ஆனால் நான் இங்கே எழுதுவது முதலில் வேறொரு தகுதியில்: போர்க்காலத்தில் ஆறு வருடங்கள் நான் ஒரு சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவன்.

எங்கள் இல்லத்துக்கும் வெளிநாட்டிலிருந்து நல்லவர்கள் வந்தார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், அதில் எனக்கு ஐயமில்லை. வரப்போகிறார்கள் என்றால் முதல்நாளே எங்களுக்கு முடிவெட்டி, பெட்டியில் பூட்டி வைத்த சட்டைகளை எடுத்துத் தருவார்கள். வரவேற்புப் பாட்டுக்கு ஒரு கிழமை (ஒரு வாரம்) பயிற்சி நடக்கும், அந்தக் கிழமை கணிதம் நடவாது. வந்தவர்கள் ரொபி (மிட்டாய்) தருவார்கள், தூக்கிக் கொஞ்சுவார்கள், படம் எடுப்பார்கள், போகும்போது அழுவார்கள். நாங்களும் அழுவோம். மூன்றாவது நான்காவது குழு வந்தபோது, யாரிடம் ஒட்டினால் என்ன கிடைக்கும் என்பதை நாங்கள் கற்றுக்கொண்டுவிட்டோம். எட்டு வயதில் அந்தக் கெட்டித்தனம் வருவது நல்லதல்ல. எனக்கு நினைவில் தங்கியிருப்பவர் அவர்களில் ஒருவருமில்லை. ஒவ்வொரு மாதமும் 14 மைல் சைக்கிள் உழக்கி வந்து, அரைமணி நேரம் ஒன்றும் கதைக்காமல் என் பக்கத்தில் இருந்துவிட்டுப் போன என் அம்மம்மாவின் தம்பிதான். அந்த மனிசன் வராத மாதம் எனக்குக் காய்ச்சல் வரும்.

ஆகையால் செம்மண் சாலை அக்கா எழுதியதோடு நான் உடன்படுகிறேன், ஓரிடத்தைத் தவிர. எல்லாப் பிள்ளைகளுக்கும் வீடு பாதுகாப்பான இடம் என்று எண்ணிவிடாதீர்கள். என்னோடு இருந்த இருவரை உறவினரிடம் அனுப்பினார்கள். ஒருவனை வேலைக்காரனாக வைத்துக்கொண்டார்கள். அனுப்பிய பிறகு போய்ப் பார்க்க ஆளும் பணமும் இல்லாவிட்டால், வீடு சேர்ப்பது என்பது கணக்கிலிருந்து பெயரை அழிப்பது மட்டுமே.

கென்யாவில் 2017 நவம்பரில் புதிய சிறுவர் இல்லங்களைப் பதிவு செய்வதை அரசு நிறுத்திவிட்டது. 2022-ல் பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு மாற்றப் பத்தாண்டுத் திட்டமும் வந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே, அநாதை இல்லங்களில் தன்னார்வச் சுற்றுலா பிள்ளைகளுக்குத் தீங்கு என்று தீர்மானத்தில் எழுதியது. உகாண்டாவிலும் 2013-ஆம் ஆண்டின் விதிகளின்படி இல்லத்துக்கு அரசின் உரிமம் வேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் அங்கே இருப்பதற்கு நீதிமன்றத்தின் பராமரிப்பு ஆணை வேண்டும்.

ஐயா கணக்கு ஆசிரியர் என்பதால் ஒன்று சொல்கிறேன். நான் பார்த்த இல்லம் ஒன்றில் பிள்ளைகள் 38 பேர். வெளிநாட்டுச் சபைகளிடமிருந்து மாதாமாதம் பணம் வந்த பிள்ளைகள் 52 பேர். மிகுதி 14 பேர் வீட்டுக்குப் போய்விட்டவர்கள். அவர்களுடைய படமும் சாட்சியும் இன்னும் தபாலில் போய்க்கொண்டிருந்தன. நிர்வாகி திருடர் அல்லர், அந்தப் பணத்தில்தான் மற்றவர்களுக்குச் சாப்பாடு போட்டார். பிள்ளையின் பெயரில் பணம் வரும்வரை பிள்ளை வீட்டுக்குப் போவது இல்லத்துக்கு நட்டம், இதுதான் சிக்கலின் ஆணிவேர். ஆகவே புறப்படுவதற்கு முன்பே கேளுங்கள்: சென்ற ஆண்டில் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், அவர்களை எத்தனை முறை போய்ப் பார்த்தீர்கள்? இந்தக் கேள்விக்கு ஒரு எண்ணாகப் பதில் வந்தால் நல்ல இல்லம். பிள்ளைகளின் படங்களாகப் பதில் வந்தால் யோசியுங்கள்.


பதில் 3: இரவுப்பணி

அம்மாவுக்காக எழுதுகிறேன். நானும் செவிலியர்தான், கம்பாலாவில் ஒரு மருத்துவமனையில் ஐந்தாண்டுகள் பணியாற்றினேன். மேலே இருவரும் எழுதியவற்றில் நான் சேர்ப்பதற்கு அதிகமில்லை. உடம்பும் சட்டமும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்; ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். அந்த மஞ்சள் அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க நம் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. ஐயாவுக்கு 61 வயது என்பதால் ஊசிக்கு முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் 60-க்கு மேல் முதன்முறையாகப் போடுகிறவர்களுக்குப் பக்கவிளைவு சற்று அதிகம்.

அங்கே மலேரியா என்றால் பெரும்பாலும் உயிருக்கே ஆபத்தான ஃபால்சிபாரம் வகை. நம் ஊரில் காய்ச்சல் என்றால் ஒரு பாராசிட்டமால் போட்டு நாளை பார்ப்போம் என்போமே, அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். காய்ச்சல் கண்ட அன்றே விரலில் குத்திச் சோதித்துவிட வேண்டும். அங்கே வளர்ந்தவர்களுக்குப் பலமுறை வந்துவந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும், நமக்கு அது இல்லை. தடுப்பு மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பதா என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். கொசுவலை இல்லாமல் ஒரு இரவும் படுக்க வேண்டாம். ஒரு நல்ல செய்தியும் உண்டு: புனே சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 மலேரியாத் தடுப்பூசியை 2025 ஏப்ரல் முதல் அங்கே கைக்குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது இல்லை.

வேலை பற்றி. அம்மாவுக்கு 30 ஆண்டு அனுபவம் இருக்கலாம். உகாண்டாவின் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்யாமல் ஒரு ஊசிகூடப் போடக்கூடாது. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வதும் கூடாது, ஊதியம் இல்லாவிட்டாலும் அது வேலைதான். அதற்கென்று தனி அனுமதி வாங்கித் தருவது அழைக்கிறவர்களின் பொறுப்பு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜின்ஜாவில், மருத்துவப் படிப்பில்லாத வெளிநாட்டுப் பெண் ஒருவர் தேவ அழைப்பு என்று நம்பி ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு ஒரு மையம் நடத்தினார். குழந்தைகளை இழந்த தாய்மார் இருவர் 2019-ல் வழக்குத் தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு, பொறுப்பை ஒப்புக்கொள்ளாத சமரசமாக அது முடிந்தது. அவர் எந்த அளவுக்குக் குற்றவாளி என்பதைப் பற்றி நான் பேசவில்லை. அதன்பிறகு ஜின்ஜாப் பக்கத்துத் தாய்மார்கள் வெளிநாட்டார் கையில் ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்தால் குழந்தையை இறுக்கிப் பிடிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பதிவு செய்ய மாதங்கள் ஆகும். அதுவரை அம்மா செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதுவே பெரிது. இல்லத்தாய்மார்களுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கலக்கும் அளவு, கைகழுவுதல், குழந்தை மூச்சிரைக்கும்போது மார்புக்கூடு உள்ளிழுக்கிறதா என்று பார்ப்பது, தடுப்பூசி அட்டையைப் படிப்பது ஆகியவற்றை உட்கார்ந்து சொல்லித் தரலாம். குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம் எது என்று அறிந்த ஓர் இல்லத்தாய், அம்மா ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே இருப்பார்.


பாளைத்தம்பதி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் பதில்களை அச்செடுத்து மனைவியிடம் கொடுத்தேன். செம்மண் சாலை சகோதரி எழுதிய கைப்பை நிகழ்ச்சியைப் படித்த இடத்தில் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்து மீதியைப் படித்தார்.

வடலித் தம்பி சொன்ன கேள்வியை அப்படியே எழுதி அனுப்பினோம். பத்து நாள் பதில் இல்லை. பிறகு இல்லத்தின் சமூகப்பணியாளரே எழுதினார். சென்ற ஆண்டில் ஏழு பிள்ளைகள் வீடு போயிருக்கிறார்கள், அவர்களில் இருவர் திரும்ப வந்துவிட்டார்கள், போய்ப் பார்க்க எரிபொருளுக்குப் பணம் இல்லாததால் மற்ற ஐவரில் மூவரை மட்டுமே ஒருமுறை பார்க்க முடிந்தது என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார். தாயும் தகப்பனுமாக என்ற வரியை எழுதியவர் வேறு ஆள் போலிருக்கிறது. இந்த அம்மையாரின் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கணக்கும் பிள்ளைகளின் கோப்புகளும் குழம்பிக் கிடக்கின்றன, உதவ முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தார்.

எங்களுக்கு இப்போது இப்படித் தோன்றுகிறது. முதலில் மூன்று மாதம் நான் மட்டும் போய்க் கணக்கறையில் உட்காருவது. மனைவி இங்கிருந்தபடியே பதிவுக்கு விண்ணப்பிப்பது. இருவர் போவதற்கான விமானக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையை, அந்த ஐந்து வீடுகளுக்குப் போய்வர எரிபொருளுக்கு அனுப்புவது. இதில் பிசகு ஏதும் உண்டா?


செம்மண் சாலை

பிசகு ஒன்றும் இல்லை ஐயா, சிறு திருத்தங்கள் மட்டும். எரிபொருள் பணத்தைத் தனிப்பட்ட யாருடைய மொபைல் மணி (கைப்பேசிவழிப் பணம்) கணக்குக்கும் அனுப்பாதீர்கள். இல்லத்தின் வங்கிக் கணக்குக்கு, காரணம் எழுதி, உங்கள் சேகரத்தின் வழியாகவே அனுப்புங்கள். இரண்டாவதாக, அந்த இரண்டு பிள்ளைகள் ஏன் திரும்பி வந்தார்கள் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். உணவா, அடியா, பள்ளிக் கட்டணமா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற ஐந்து வீடுகளில் என்ன பார்க்க வேண்டும் என்பது தெரியும். காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். பாஸ்போர்ட் சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அவர்கள் கேட்க மறந்தால் நீங்களே எடுத்துப்போய்க் கொடுங்கள், பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குச் சோதிக்கப்படாமல் யாரும் நுழையக்கூடாது.

முக்கோனோச் சந்தையில் யாரும் ரசீது தர மாட்டார்கள். என் கணவர் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்து, பீன்ஸ் விற்கும் அம்மாவிடமும் கையெழுத்து வாங்குவார். முதல் மாதம் சிரித்தார்கள், மூன்றாம் மாதம் அவர்களே புத்தகத்தைக் கேட்டு நீட்டினார்கள். நம் ஊரிலிருந்து அப்படிப்பட்ட புத்தகம் அரை டஜன் வாங்கிக்கொண்டு போங்கள். ஊறுகாயையும் மறக்க வேண்டாம், மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்.